தூண்டில் மேடை: எத்தனை கிராம் ஈயம் போடுவது?

கேள்வி: பாஸ் மீனுக்கு ரப்பர் புழுவை அடித்தரையில் இழுத்து மீன் பிடிக்கிறேன். 5 கிராம் ஈயம் போட்டால் அடி தட்டுப்படுவதே தெரியவில்லை. 14 கிராம் போட்டால் மீன் எடுப்பது குறைந்துவிடுகிறது. இத்தனை ஆழத்துக்கு இத்தனை கிராம் என்று கணக்கு இருக்கிறதா?

பதில்: தொடங்குவதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஓட்டமில்லாத நீர், காற்று இல்லாத நாள் என்றால் 3 மீட்டர் ஆழம் வரை 3.5 முதல் 5 கிராம், 5 மீட்டர் வரை 7 கிராம், அதற்கும் கீழே 10, 14 கிராம். ஆனால் இதை மனப்பாடம் செய்துகொண்டு கரைக்குப் போகாதீர்கள். ஈயம் அடியில் உட்காருவது உங்களுக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. அது தெரியக்கூடிய மிகக் குறைந்த எடை எதுவோ, அதுதான் அன்றைக்குச் சரியான எடை.

எப்படிப் பார்ப்பது? வீசிய பிறகு நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, தண்ணீருக்குள் நுழைகிற இடத்தையே கவனியுங்கள். ஈயம் இறங்கும்வரை நரம்பு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அடியைத் தொட்ட நொடியில் ஓட்டம் நின்று நரம்பு தளர்ந்து விழும். அந்த நொடி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால்தான் அடுத்த எடைக்குப் போக வேண்டும். கூடவே, இறங்கும்போது மனதுக்குள் எண்ணுங்கள். வழக்கமாக ஆறு எண்ணும்போது நிற்கிற நரம்பு மூன்றிலேயே நின்றால், ஈயம் அடிக்குப் போகவில்லை, மீன் வாயில் இருக்கிறது. தளர்ச்சியைச் சுற்றிவிட்டு உடனே இழுங்கள்.

14 கிராமில் மீன் குறைவதற்கும் காரணம் இதுவே. பாஸ் பல நேரம் புழு தரையில் கிடக்கும்போது எடுப்பதில்லை, இறங்கும்போது எடுக்கிறது. கனமான ஈயம் அந்த நேரத்தைச் சுருக்கிவிடும். தண்ணீர் குளிர்ந்து மீன் மந்தமாக இருக்கும் நாளில் இது நன்றாகவே தெரியும். மீன் சுறுசுறுப்பாக இருக்கும் நாளில் சில நேரம் நேர்மாறாக, சட்டென்று விழுவதையே பாய்ந்து பிடிக்கும். ஆகவே 14 கிராமைத் தூக்கி எறிய வேண்டாம், பெட்டியில் இருக்கட்டும்.

இன்னொன்று. அடி தெரியவில்லை என்றதும் எல்லோரும் ஈயத்தைக் கூட்டுகிறார்கள். நான் முதலில் நரம்பைத்தான் பார்ப்பேன். காற்றில் நரம்பு வில்லாக வளைந்து நின்றால் 20 கிராம் போட்டாலும் சேதி கைக்கு வராது. ராட் (தூண்டில் கோல்) நுனியைத் தண்ணீருக்கு அருகில் தாழ்த்துங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பின்னல் நரம்பு தண்ணீரில் மிதக்கும், நைலான் மெதுவாக அமிழும், ஃப்ளோரோகார்பன் நன்றாகவே அமிழும். நரம்பு தடிக்கத் தடிக்க நீரும் காற்றும் அதை அதிகம் தள்ளும். உங்கள் 5 கிராம், மெல்லிய ஃப்ளோரோகார்பனில் அடியைத் தெளிவாகச் சொல்லக்கூடும்.

கேள்வி: டங்ஸ்டன் குண்டு அவசியமா, ஈயமே போதாதா?

பதில்: மீன் பிடிக்க ஈயம் போதும். ஆனாலும் நான் டங்ஸ்டன் பக்கம்தான். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், சுத்த டங்ஸ்டனுக்கு 19.3. குண்டில் வேறு உலோகம் கொஞ்சம் கலந்திருந்தாலும், அதே எடை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உருவத்தில் வந்துவிடும். மேலும் அது கடினமானது. ஈயம் கல்லில் பட்டால் அதிர்வை அமுக்கிவிடும், டங்ஸ்டன் 'டிக்' என்று விரலுக்கே சொல்லும். சரளை என்றால் படபடவென்று வரும், சேறு என்றால் ஈரத்துணியை இழுப்பது போல வழுவழுவென்று கனக்கும். ஒரு குறை உண்டு: துளையின் விளிம்பு கூராக இருந்தால் நரம்பை அறுக்கும். முடிச்சுக்கு மேல் ஒரு முழ நீளத்தை அடிக்கடி விரலிடுக்கில் உருவிப் பாருங்கள், சொரசொரத்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

அதைவிடப் பெரிய காரணம் பறவைகள். இரை செரிக்கச் சிறு கற்களை விழுங்கும் நீர்ப்பறவைகள், அடியில் கிடக்கும் ஈயத்தையும் கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அன்னங்கள் இப்படிச் செத்ததால்தான் பிரிட்டன் 1987-இல் பெரும்பாலான சிறு ஈயக்குண்டுகளைத் தூண்டிலுக்குத் தடை செய்தது. ஈயம்தான் கைவசம் இருக்கிறது என்றால், அறுந்த துண்டுகளைக் கரையில் விடாதீர்கள். நரம்பில் கவ்வ வைக்கும் பிளவு ஈயத்தைப் பல்லால் கடித்து மூடுவதை இன்றே நிறுத்துங்கள், அதற்குக் குறடு இருக்கிறது.

கேள்வி: பாசியிலும் பாறையிலும் ஈயம் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. எடையைக் குறைக்கவா?

பதில்: பாறைக்குக் குறைக்கலாம், இடுக்கில் இறுகுவது குறையும். மாட்டினால் வெடுக்கென்று இழுக்காமல் நரம்பைத் தளர்த்தி, எதிர்ப்பக்கம் நகர்ந்து மெல்லச் சுண்டுங்கள்.

பாசிக்குக் கூட்ட வேண்டும். கூர்முனைக் குண்டைப் போட்டு, அதன் மேல் ஒரு ரப்பர் ஸ்டாப்பரை ஏற்றிப் புழுவின் தலையோடு ஒட்டி நிறுத்துங்கள். இல்லையென்றால் குண்டு மட்டும் உள்ளே போய், புழு பாசிமேல் தங்கிவிடும். மேலே பாயாக மிதக்கும் அடர்ந்த பாசியைத் துளைக்க 28 முதல் 42 கிராம் வரைகூடப் போடுவார்கள். அங்கே அடி தெரிவதைவிட உள்ளே போவதுதான் முக்கியம்.

கனம் தொல்லை தராத இடம் கரோலினா ரிக் என்ற தூண்டில் கட்டு. 14 முதல் 28 கிராம் குண்டு, அடுத்து மணி, நரம்பு முறுக்காமல் காக்கும் சுழலி, அதற்குப் பின்னால் 45 முதல் 90 சென்டிமீட்டர் துணை நரம்பு, கடைசியில் முள். குண்டு தரையை உழுதுகொண்டு போகும், புழு பின்னால் தன் போக்கில் மிதந்து வரும். பரந்த அடித்தரையில் மீன் எங்கே என்று தேடும் நாளில் இதையே கட்டுங்கள்.

கேள்வி: என் ராடில் 7–21 கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. அது ஈயத்தின் எடையா?

பதில்: இல்லை. ஈயம், முள், புழு எல்லாம் சேர்ந்த எடை. உப்பு கலந்த 12 சென்டிமீட்டர் குச்சிப்புழு ஒன்றே 9, 10 கிராம் வரும். அதோடு 14 கிராம் குண்டு சேர்ந்தால் உங்கள் ராடுக்கு எல்லை தாண்டிவிட்டது. 10 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.