பதினொரு மணி வியர்வை

“என் கணவருக்கு 56 வயது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். கிளிமெபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. சேர்ந்த மாத்திரை காலையில் ஒன்று போட்டுவந்தார். அவருடைய அண்ணனுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து இரண்டு மாதம் நிறுத்திவிட்டார். சர்க்கரை 310 ஆனதும் பயந்துபோய், இப்போது காலையில் இரண்டாகப் போடுகிறார். ஏற்காட்டில் வாங்கிய சிறுகுறிஞ்சான் பொடியும் சாப்பிடுகிறார். மலத்தில் மாத்திரைக் கூடு அப்படியே வருகிறது. ஏழு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனால் பத்தரைக்குத்தான் சாப்பாடு. பதினொரு மணிவாக்கில் சில நாள் வியர்த்துக் கை நடுங்குகிறதாம். பட்டறைச் சூடு, டீ குடித்தால் சரியாகிவிடும் என்கிறார். அண்ணன் கதி இவருக்கும் வருமா, டாக்டர்?”
— வாசகி, சேலம்

அம்மா, உங்கள் பயம் சிறுநீரகத்தைப் பற்றியது. அதற்கு வருகிறேன். ஆனால் நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வியர்வை, அதுதான் இந்தக் கடிதத்தில் அவசரமானது. நாளைக் காலையிலிருந்து மருத்துவர் எழுதிக்கொடுத்த ஒரு மாத்திரை மட்டும்தான். அதையும் இட்லித் தட்டு முன்னால் வந்த பிறகு போடட்டும். பொடியை நிறுத்துங்கள். இரண்டு நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள்.

அந்த மாத்திரைக்குள் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை அபாயமான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. கிளிமெபிரைடு அப்படியில்லை. அது கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அது பார்க்காது. உங்கள் கணவர் அதன் அளவை இரட்டிப்பாக்கி, மூன்றரை மணி நேரம் வெறும் வயிற்றில் உட்கார்ந்து, கூடவே சர்க்கரையைக் குறைக்கக்கூடிய ஒரு பொடியையும் சேர்த்திருக்கிறார். சாப்பிட்ட பிறகும் வேகம் அடங்காமல் பதினொரு மணிக்குக் கை நடுங்குவதில் வியப்பே இல்லை.

பட்டறைச் சூட்டில் யாருக்கும் வியர்க்கும்தான். ஆனால் காற்றாட வந்து நின்றால் அந்த வியர்வை அடங்கிவிடும், கை நடுங்காது. சர்க்கரை தாழும்போது வருவது குளிர்ந்த வியர்வை. படபடப்பும் அகோரப் பசியும் காரணமில்லாத கோபமும் கூட வரும். இனிப்பான டீ குடித்ததும் சரியாகிவிடுகிறது என்று அவரே சொல்கிறாரே, நோயை அவரே கண்டுபிடித்துவிட்டார். அடுத்த முறை வியர்க்கும்போது குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் தாழ்சர்க்கரை. கருவி கையில் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பிஸ்கட்டும் சாக்லேட்டும் அந்த நேரத்துக்கு மெதுவானவை. 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு வயிறாரச் சாப்பிட வேண்டும், ஏனென்றால் கிளிமெபிரைடு நாள் முழுக்க வேலை செய்யும் மருந்து; ஏறிய சர்க்கரை மறுபடியும் இறங்கலாம். பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் விழித்தாலோ, மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். நினைவு திரும்பிவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது, மருத்துவமனையில் ஒரு நாளாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும். பட்டறையில் உடன் வேலை செய்பவர்களிடம் இதையெல்லாம் சொல்லி வையுங்கள். தெரியாதவர்கள், குடித்திருக்கிறார் என்று நினைத்து ஓரமாகப் படுக்க வைத்துவிடுவார்கள். நெருப்பில் வெள்ளியைப் பற்றவைக்கும் கை அது. அளவு சீராகும்வரை வண்டியும் ஓட்ட வேண்டாம். ஏற்காட்டுக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸில் போகட்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் கை நடுங்கக் கூடாது.

இனி சிறுநீரகம். மெட்ஃபார்மின் 1957 முதல் மருத்துவத்தில் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் வேறு காரணத்தால் பழுதான பிறகு அதன் அளவைக் குறைக்கிறோம்: ரத்தப் பரிசோதனைச் சீட்டில் eGFR என்று வரும் வடிகட்டும் திறன் 45-க்குக் கீழே போனால் குறைப்போம், 30-க்குக் கீழே போனால் நிறுத்துவோம். நிறுத்தியதைப் பார்த்தவர்கள்தான் ‘மாத்திரையால் கெட்டது’ என்று கதையைத் தலைகீழாகப் பரப்புகிறார்கள். சிறுநீரகத்தை அரிப்பது ஆண்டுக்கணக்கில் ஏறிக்கிடக்கும் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும். மாத்திரையை நிறுத்திவிட்டு 310-இல் திரிந்த அந்த இரண்டு மாதம் சிறுநீரகத்துக்கு அவர் செய்த நன்மை அல்ல. அந்தச் செய்தியை அனுப்பியவர் இப்போது வந்து பார்க்கப் போவதுமில்லை.

அண்ணனுக்கு வந்திருப்பதால் இவருக்கு அபாயம் சற்றுக் கூடுதல் என்பது உண்மை. அதனால் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், இரண்டையும் உடனே பார்த்துவிடுங்கள், பிறகு ஆண்டுதோறும். இதில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. சிறுநீரகம் தளர்ந்தால் கிளிமெபிரைடு உடலிலிருந்து வெளியேறத் தாமதமாகும். பல வருடம் ஒத்துப்போன அதே அளவில் திடீரென்று தாழ்சர்க்கரை வர ஆரம்பித்தால், சர்க்கரை நோய் குணமாகிவிட்டது என்று மகிழ வேண்டாம், சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். இப்போது இரட்டை மாத்திரையே காரணமாக இருக்கலாம். ஒரு மாத்திரைக்குத் திரும்பிய பிறகும் வியர்த்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கொலுசு வேலை குனிந்தே செய்யும் வேலை. முதுகு வலிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வலி மாத்திரை போடும் பழக்கம் அவருக்கு உண்டா? இருந்தால் அதை நிறுத்துங்கள். சிறுநீரகத்துக்கு நிஜமாகவே கேடு செய்வது அது.

மலத்தில் வரும் கூடு வெறும் உறை. மருந்து மெல்லக் கசிந்து உள்ளே போய்விட்டது, அதை மறந்துவிடுங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருப்பாரென்றால், அன்று மாத்திரையை என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டை, பொடி டப்பா, வலி மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நீங்களும் கூடப் போங்கள். பட்டறைச் சூடு என்று அவர் அங்கேயும் சொல்லிவிடுவார்.