தலைவிளக்கின் செல்லுக்கு எந்த சார்ஜர் வாங்குவது?

கேள்வி: குலசேகரம் அருகே ரப்பர் பால் வெட்டும் வேலை செய்கிறேன். விடியும் முன்பே தோட்டத்துக்குப் போக வேண்டியிருப்பதால் தலைவிளக்கு இல்லாமல் முடியாது. அதிலுள்ள இரண்டு லித்தியம் செல்களையும், சந்தையில் மலிவாகக் கிடைத்த சார்ஜரில் இரவு முழுவதும் போட்டு வைக்கிறேன். காலையில் எடுக்கும்போது கை பொறுக்காத சூடு இருக்கிறது. மாற்ற வேண்டியது செல்லையா, சார்ஜரையா? வீட்டில் இருக்கும் பழைய 12 வோல்ட் அடாப்டரைப் பயன்படுத்தலாமா?

பதில்: அடாப்டர் வேண்டவே வேண்டாம். இப்போதுள்ள சார்ஜரையும் இன்றிரவு முதல் செருகாதீர்கள்.

உங்கள் விளக்கில் இருப்பது பெரும்பாலும் 18650 எனப்படும், 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள லித்தியம்-அயன் செல்லாக இருக்கும். இவ்வகைச் செல் பொதுவாக 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும். முறையான சார்ஜர் முதலில் சீரான மின்னோட்டத்தைச் செலுத்தி, 4.2 வோல்ட்டை எட்டியதும் அதற்கு மேல் ஏறவிடாமல் பிடித்துக்கொண்டு, மின்னோட்டம் மிகவும் குறைந்ததும் தானாகவே நிறுத்திவிடும். அடாப்டருக்கு இந்த நிதானம் கிடையாது. மலிவு சார்ஜர்கள் சிலவற்றில் பச்சை விளக்கு எரிந்த பிறகும் மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். எல்லை மீறி ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியலாம்; சூடு கட்டுக்கடங்காமல் போனால், உள்ளே இருக்கும் எளிதில் தீப்பற்றும் திரவம் வாயுவாகிப் பீறிட்டுத் தீப்பிடிக்கவும் கூடும்.

2500 மில்லி ஆம்பியர்-மணி (செல்லில் சேரும் மின்சாரத்தின் அளவு) கொண்ட செல்லுக்கு 500 மில்லி ஆம்பியர் வீதம் ஏற்றினால் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்பதால், விடியற்காலையில் செல் அறையின் வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும். அப்போதும் சுடுகிறது என்றால் சார்ஜர் நிறுத்தவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். உறுதி செய்துகொள்ள விரும்பினால், பகலில், ஆள் அருகிலிருக்கும்போது, பச்சை விளக்கு வந்ததும் செல்லைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர் எலக்ட்ரீஷியனுக்கு இது ஒரு நிமிட வேலை. 4.25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தச் சார்ஜர் ஆகாது. பலமுறை அளவுக்கு மீறிச் சூடான செல்களையும் நான் நம்ப மாட்டேன். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வகையாக மாற்றிவிடுங்கள்.

வாங்கும்போது உறையில் 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் அது வெறும் பொய்; பெயர் பெற்ற தயாரிப்பாளர்களின் 18650 செல்களே பெரும்பாலும் 2000 முதல் 3600 வரைதான். ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்தப் பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். சார்ஜரில் 4.2 வோல்ட் என்று குறிக்கப்பட்டிருப்பதும், ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு இருப்பதும் அவசியம்.

பால் வெட்டு முடிந்து வீடு திரும்பிய பிறகு, வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும் பகல் நேரத்திலேயே சார்ஜ் செய்யுங்கள். சிமெண்ட் தரையில் வைப்பது நல்லது. கட்டில் மீதோ, ரப்பர் ஷீட் அடுக்கிய இடத்திலோ, ஷீட்டுக்குப் புகையிடும் அறையிலோ கூடாது. மழையில் நனைந்த விளக்கை நன்றாக உலர்த்திய பிறகே செல்லை உள்ளே போடுங்கள். பழைய செல்களின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். சருகோடு சேர்த்து எரித்துவிடாதீர்கள்.

கடைக்காரர் பில் தரத் தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள். பொருளில் குறை இருந்து அவர் மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருள்களுக்குக் கட்டணமின்றி மனு கொடுக்கலாம்.