எதற்கு அவசரம், எதற்குப் பொறுமை: எலும்பு, மூட்டுக் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளைப் படித்தபோது ஒன்று மனத்தை உறுத்தியது. அன்றைக்கே ஓடிப்போய்க் காட்ட வேண்டியதை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். வளர வளரத் தானே சரியாகும் ஒன்றுக்காக மருத்துவமனை மருத்துவமனையாக அலைகிறார்கள். அதனால் இந்தப் பதில்களில் மருந்தைவிட நேரத்தைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

என் மகனுக்கு ஏழு வயது. எட்டு மாதங்களுக்கு முன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்தது. பக்கத்து ஊரில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினோம். இரண்டு இரவுகள் கதறி அழுதான். "எலும்பு கூடும்போது அப்படித்தான் வலிக்கும்" என்றார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் விரல்கள் கொக்கிபோல மடங்கிவிட்டன. மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கினால் விரல்கள் நீள்கின்றன. நிமிர்த்தினால் மறுபடி மடங்கிக்கொள்கின்றன. சரியாகுமா?
ஒரு தாய், திருத்தணி

அம்மா, நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் அந்தக் கடைசி அடையாளமே நோயைச் சொல்லிவிடுகிறது. முன்கைத் தசைகள் ரத்தமின்றிச் செத்து, தழும்பாகிச் சுருங்கிவிட்டன. 1881இல் ஜெர்மனியின் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயரிலேயே இது வழங்குகிறது.

முழங்கைக்குச் சற்று மேலே குழந்தைகளின் எலும்பு தகடுபோல மெலிந்திருக்கும். ஐந்து முதல் ஏழு வயதுக்குள் கையூன்றி விழும் பிள்ளைகளுக்கு அங்கேதான் முறியும். அதற்கு நேர் முன்னால் கையின் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. முறிந்த இடம் வீங்கும். முன்கைத் தசைகளோ விரியாத உறைக்குள் இருக்கின்றன. வெளியிலிருந்து கட்டும் இறுக்கினால் வீக்கம் போக வழியின்றி உள்ளே அழுத்தம் ஏறி, தசைக்குள் ரத்தம் புகுவது நின்றுவிடும். ஆறு மணி நேரம் அப்படியே போனால் தசை மீளாது. எலும்பு ஒரு வாரம் கழித்துக்கூடக் காத்திருக்கும். தசை காத்திருக்காது.

இது மூங்கில் பத்தையின் குற்றம் மட்டுமல்ல. ஆந்திரத்தின் புத்தூரைச் சொல்லிக் கட்டுப் போடும் வழக்கம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியது. விலகாத எளிய முறிவுகள் அதில் கூடத்தான் செய்கின்றன. அதேபோல மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டு இறுகியும் இதே கேடு வரலாம். யார் கட்டினார்கள் என்பதைவிட, கட்டிய பிறகு விரல்களை யார் பார்த்தார்கள் என்பதே முக்கியம்.

கட்டுப் போட்ட பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டாருக்கும் சொல்கிறேன். முறிவின் வலி ஒவ்வொரு மணி நேரமும் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால், நீங்கள் குழந்தையின் விரலை மெல்ல நிமிர்த்தும்போது வீறிட்டு அழுதால், அந்த நிமிடமே கிளம்புங்கள். நாடி துடிக்கிறதே என்று ஏமாற வேண்டாம். நாடி துடிக்கும்போதே தசை சாகும். வழியில் தாமதமாகும் என்றால் கட்டை முழுவதும், உள்ளே வைத்த பஞ்சு உட்பட, தோல் தெரியும்வரை பிரித்துவிடுங்கள். எலும்பு விலகினால் விலகட்டும். அதைத் திரும்ப நேராக்க முடியும்.

இனி உங்கள் மகன். இழந்த தசை திரும்பாது. ஆனால் கை பயனற்றுப் போய்விடவில்லை. எத்தனை விரல்கள், உணர்ச்சி இருக்கிறதா என்பதைப் பொறுத்து, கையில் கட்டும் அச்சுப்பட்டையும் இயன்முறைப் பயிற்சியும் போதுமா, சுருங்கிய தசையைத் தளர்த்திக் கீழே நகர்த்த வேண்டுமா, நல்ல தசைநாண் ஒன்றை விரல்களுக்கு மாற்றிப் பொருத்த வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். நரம்பு அழுந்தியிருந்தால் அதையும் விடுவிக்க வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. வளரும் வயது என்பதால் பள்ளி விடுமுறைவரை தள்ளாதீர்கள்.

இரண்டு மாதக் குழந்தைக்குத் தொடையில் தடுப்பூசி போட்டு நான்கு நாட்கள் ஆகின்றன. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. ஒரு காலை அசைப்பதே இல்லை. துணி மாற்றக் காலை விரித்தால் துடிக்கிறான். ஊசி வலி எத்தனை நாள் இருக்கும்?
ஒரு தந்தை, விருத்தாசலம்

மின்னஞ்சல் வந்த அன்றே உங்களிடம் தொலைபேசியில் சொன்னதை, மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஊசி வலியும் காய்ச்சலும் பெரும்பாலும் இரண்டு நாட்களில் அடங்கிவிடும். அதன்பிறகும் ஒரு கால் மட்டும் அசையாமல் கிடந்தால், இடுப்பு மூட்டில் சீழ் பிடித்திருக்கிறது என்றே முதலில் எண்ண வேண்டும். வாதமும் அல்ல, சுளுக்கும் அல்ல. வலிக்குப் பயந்து குழந்தை காலை அசைக்காமல் வைத்திருக்கிறது. எண்ணெய் தேய்த்து உருவவே கூடாது.

பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமிதான் காரணம். தொப்புளிலோ தோலிலோ புகுந்து ரத்தத்தின் வழியே மூட்டுக்குப் போய்ச் சேர்கிறது. ஊசிமேல் பழி போட்டுக்கொண்டிருக்கும் நாட்களில் சீழ் மூட்டின் குருத்தெலும்பைக் கரைத்துவிடும். தொடையெலும்பின் தலையே அழிந்து, ஆயுள் முழுவதும் கால் குட்டையாகி நொண்ட நேரும். ரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், ஊசியால் நீரெடுத்துப் பார்ப்பது எல்லாம் அன்றைக்கே முடிய வேண்டும். சீழ் இருந்தால் அன்றிரவே மூட்டைத் திறந்து கழுவுவார்கள். தொடக்க நாட்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதை நம்பித் திரும்பிவிடாதீர்கள்.

அடுத்த தவணைத் தடுப்பூசிகளை நிறுத்த வேண்டாம்.

என் பேத்தி பிறந்து பத்து நாட்கள். இரண்டு பாதங்களும் உள்பக்கமாகத் திரும்பி வளைந்திருக்கின்றன. கிரகணத்தன்று மருமகள் வெளியே வந்ததால்தான் என்று சம்பந்தி வீட்டில் பேசுகிறார்கள். ஒரு வயதுக்குமேல் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் ஒருவர்.
ஒரு பாட்டி, பரமக்குடி

முதலில் உங்கள் மருமகளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் செய்த எதனாலும் இது வரவில்லை. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு, எல்லா நாடுகளிலும், எல்லாச் சாதியிலும் வருகிறது.

அடுத்தது, ஒரு வயதுவரை காத்திருக்கக் கூடாது. பிறந்த குழந்தையின் பாதத்து ஜவ்வுகள் மெழுகுபோல இளகியவை. இந்த இளக்கத்தைப் பயன்படுத்தி வழி கண்டவர் இக்னேசியோ பொன்செட்டி. ஸ்பெயினில் பிறந்து, அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றியவர். 1940களின் இறுதியில் தொடங்கிய அவர் முறையை உலகம் ஏற்க அரை நூற்றாண்டு ஆயிற்று. பெரிய அறுவை செய்து நேராக்கிய பாதங்கள் வளர்ந்த பிறகு விறைத்து வலித்ததைக் கண்ட பின்புதான் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

வாரம் ஒரு முறை பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, தொடைவரை மாவுக்கட்டுப் போடுவார்கள். ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகும். பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டு. மூன்று வாரம் கடைசிக் கட்டு. வளைவு போனதைக் கண்டு உங்கள் வீடே மகிழும். உண்மையான சோதனை அதன்பிறகுதான். ஒரு பட்டையில் இணைத்த காலணிகளை முதல் மூன்று மாதங்கள் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கு வயதுவரை இரவிலும் போட வேண்டும். "பாதம்தான் நேராகிவிட்டதே, பிள்ளை அழுகிறாளே" என்று பாட்டிமார் இரக்கப்பட்டுக் கழற்றும் வீடுகளில்தான் வளைவு திரும்ப வருகிறது. உங்களுக்கு நேராகவே சொல்கிறேன், மன்னியுங்கள். அந்த அழுகையைப் பொறுத்துக்கொள்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

பிறவிக் குறைபாடுகளுக்கான அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் வளைபாதமும் சேர்ந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் கேளுங்கள், சிகிச்சை இலவசம்.

நான்கு வயது மகள் நடக்கும்போது முட்டிகள் ஒன்றோடொன்று தட்டுகின்றன. சிறப்புக் காலணி வாங்கலாமா?
தருமபுரி

வேண்டாம். இரண்டு வயதுவரை கால்கள் வில்போல வெளியே வளைந்திருக்கும். மூன்று, நான்கு வயதில் முட்டி தட்டும். ஏழு வயதுக்குள் தானே நேராகும். காலணியால் இது மாறாது. ஒரு கால் மட்டும் வளைந்தால், ஆண்டுக்காண்டு கூடினால், வயதுக்கேற்ற உயரம் இல்லாவிட்டால் காட்டுங்கள். வைட்டமின் டி குறைபாடாக இருக்கலாம். உங்கள் மாவட்டம் என்பதால் ஒன்று கூடுதலாக: குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீரா என்று பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குமேல் ஃபுளோரைடு இருக்கும் நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்கு முதலில் பல்லில் கறை விழும். அளவு மிகுந்தால் எலும்பும் கெடும். பல்லில் பழுப்புக் கறை தெரிந்தால் நீரைச் சோதித்துவிட்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்கு மாறுங்கள்.

என் தங்கைக்கு 23 வயது. மூன்று மாதமாக நடுமுதுகில் வலி. படுத்தாலும் குறையவில்லை. மாலையில் உடம்பு சுடுகிறது, மெலிந்துவிட்டாள். முதுகுத்தண்டில் ஒரு முடிச்சு தட்டுப்படுகிறது. ஸ்கேன் எடுத்தவர்கள் காசநோய் என்கிறார்கள். இருமலே இல்லையே? திருமணம் பேசியிருக்கிறோம்.
ஓர் அண்ணன், ஆம்பூர்

இருமல் இல்லாமலும் காசநோய் வரும். எலும்புக் காசத்தில் பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. எகிப்தின் மம்மிகளிலேயே அதன் தடயம் உண்டு. 1779இல் பெர்சிவல் பாட் என்ற லண்டன் அறுவை மருத்துவர், முதுகு கூனி இரு கால்களும் செயலிழந்தவர்களைப் பற்றி எழுதினார். அடுத்தடுத்த இரண்டு எலும்புகளையும் நடுவிலுள்ள வட்டையும் அது அரிக்கிறது. முன்பக்கம் சரிவதால் பின்னால் புடைக்கிறது. உங்கள் கைக்குத் தட்டுப்பட்ட முடிச்சு அதுதான்.

ஸ்கேனோடு நிறுத்திவிடாமல், இயன்றால் ஊசிவழி சிறிது திசு எடுத்து மரபணுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று அதில் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையே போதும். அறுவை வேண்டியவர்கள் சிலர்தான். இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளியைச் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் அடைக்காமல் வீட்டில் வைத்தே மருந்தால் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. முதுகெலும்புக் காசத்துக்கும் அங்கே பின்னாளில் ஆய்வுகள் நடந்தன.

அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். எலும்புக் காசத்துக்குப் பொதுவாக 12 மாதச் சிகிச்சை. இரண்டாம் மாதமே வலி போய்விடும். அப்போது மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் பின்னால் கூனோடு வருகிறார்கள். சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம். ஆனால் நடை தடுமாறினால், கால் மரத்தால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால் அன்றே மருத்துவமனை.

திருமணம் பற்றி. நுரையீரல் தெளிவாக இருந்தால் இவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. சிகிச்சை முடிந்து அவர் மணம் புரியலாம், குழந்தை பெறலாம். மறைக்க வேண்டும் என்பதற்காக மாத்திரை வேளையைத் தவறவிடும் நிலைக்கு மட்டும் அவரைத் தள்ளிவிடாதீர்கள்.

பைக் சறுக்கிக் கையூன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் முறிவில்லை, சுளுக்கு என்றார்கள். மூன்று வாரமாகப் பெருவிரலின் அடியில் வலி.
ஓசூர்

பெருவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும். அதை அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியானால் படகு வடிவிலுள்ள ஸ்காஃபாய்டு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் இது ஒளிந்துகொள்ளும். பத்து, பதினான்கு நாளில் மறுபடி எடுத்தால் தெரியும். இதற்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஓடுவதால், கவனிக்காமல் விட்டால் முன்கைப் பக்கத்துத் துண்டு உயிரிழந்துவிடும். இந்த வாரமே போங்கள். வலி மருந்து தடவிக்கொண்டிருக்க வேண்டாம்.

அம்மாவுக்கு 76 வயது. குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்தது. இந்த வயதில் ஆபரேஷன் வேண்டாம், எடை கட்டிப் படுக்க வைத்தால் கூடிவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். சர்க்கரையும் இருக்கிறது.
ஒரு மகள், தேவகோட்டை

"இந்த வயதில்" என்பதற்காகவே அறுவை வேண்டும். இருபது வயதுக்காரர் மூன்று மாதம் படுத்தாலும் எழுந்துவிடுவார். 76 வயதில் மல்லாந்து கிடந்தால் படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, சிறுநீர்த் தொற்று, காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் முறிவல்ல, இந்தப் படுக்கைதான்.

தொடையெலும்பின் கழுத்தில் முறிந்தால் தலைப்பகுதிக்கு ரத்தம் போவது அறுந்திருக்கும். அங்கே எடை கட்டினாலும் எலும்பு ஒன்றுசேராது. பாதி மூட்டை மாற்றுவார்கள். சற்றுக் கீழே முறிந்திருந்தால் உலோகத் தண்டும் திருகும் வைப்பார்கள். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தே பெரும்பாலும் முடித்துவிடலாம். சர்க்கரையை மாதக்கணக்கில் அல்ல, சில மணி நேரத்தில் கட்டுக்குள் கொண்டுவர முடியும். விழுந்த 48 மணி நேரத்துக்குள் அறுவை நடப்பது நல்லது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

அறுவை முடிந்ததும் எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். நம் ஊரில் அநேகமாக எல்லோரும் மறக்கும் பகுதி இது. ஒரு பக்கம் முறிந்தவருக்கு மறுபக்கமும் முறியும் வாய்ப்பு அதிகம். ஆட்டுக்கால் சூப்பை ஆசைக்குக் கொடுங்கள். அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. கூழோ களியோ, கூடவே மோர், முட்டை, காலை வெயில். அம்மா வீடு திரும்புமுன் குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்திவிடுங்கள், இரவில் எரிய ஒரு சிறு விளக்கும்.