வெளிநாட்டு விடுமுறைக்குத் தொலைநோக்கியும் வர வேண்டுமா?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கிறோம். எங்கள் பன்னிரண்டு வயது மகனுக்கு விண்மீன்கள் மீது கொள்ளை ஆசை. சென்ற ஆண்டு அவனுக்கு 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி (அடிப்பலகையில் நிற்கும், ஆடியால் ஒளியைத் திரட்டும் வகை) ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்திலிருந்து நிலவையும் வியாழனையும் பார்த்து வருகிறான். ஜூன் பள்ளி விடுமுறையில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பறந்து, அங்கிருந்து வாடகைக் காரில் டெக்கப்போ ஏரிக்குச் சென்று மூன்று இரவுகள் தங்கவிருக்கிறோம். என் மாமனாரும் உடன் வருகிறார். இவ்வளவு செலவழித்து இருண்ட வானத்தைத் தேடிப் போகும்போது தொலைநோக்கியை வீட்டிலேயே விட்டுச் செல்வது வீண் என்கிறார் என் கணவர். எனக்கோ பெட்டிகளை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. எடுத்துச் செல்வதா, வேண்டாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கணவரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவருடைய கணக்கில் சில செலவுகள் விடுபட்டிருக்கின்றன. 8 அங்குல டாப்சோனியனின் குழல் ஒரு மீட்டருக்கும் மேல் நீளமானது. அடிப்பலகையையும் சேர்த்தால் எடை பொதுவாக 20 கிலோவைத் தொடும் அல்லது தாண்டும். அதைப் பாதுகாப்பாகப் பொதிவதற்கான பெட்டியின் எடை அதற்கு மேல். ஒரு பயணிக்குரிய எடைச் சலுகை முழுவதையும் அதுவே விழுங்கிவிடும், நீளத்தின் காரணமாகத் தனியாகப் பதிவு செய்யவும் நேரலாம். கைப்பையாகக் கொண்டு செல்லும் பேச்சுக்கே இடமில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சிக்கன வகுப்பில் கைப்பைக்கு 7 கிலோவும், நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டரும்தான் வரம்பு.

விமானத்தின் அடிவயிற்றில் போகும் தொலைநோக்கியின் ஆடிக்கு, அதாவது ஒளியைத் திரட்டும் கண்ணாடிக்கு, என்ன நேரும் என்பது அடுத்த கவலை. ஆடி உடைவது அரிது. ஆனால் அது சரியான கோணத்திலிருந்து விலகிவிடுவதும், மரத்தூள் பலகையாலான அடிப்பகுதியின் மூலைகள் நொறுங்குவதும் நடக்கக்கூடியவையே. விமான நிறுவனத்திடம் ஒப்படைத்த பெட்டி சேதமடைந்தால், விமானப் பயண இழப்பீட்டுக்கான அனைத்துலக ஒப்பந்தமான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி விமான நிறுவனம் தர வேண்டிய இழப்பீட்டின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகுகள் (அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறத்தாழ 2,600 சிங்கப்பூர் வெள்ளி. இது உச்சவரம்பு மட்டுமே. இழப்பை நீங்கள் நிரூபிக்க வேண்டும், பெட்டி கைக்கு வந்த ஏழு நாள்களுக்குள் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும், பொருளின் இயல்பான குறைபாட்டால் வந்த சேதம் என்று நிறுவனம் காட்டினால் அந்த அளவுக்கு அதன் பொறுப்பு நீங்கிவிடும். பயணக் காப்புறுதி கைகொடுக்கும் என்று நினைத்தால், ஒப்பந்தத்தில் தனியொரு பொருளுக்கான உச்சவரம்பையும், எளிதில் உடையும் பொருள்கள் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் முதலில் படித்துப் பாருங்கள். மொத்தத் தொகையைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, ஒரு பொருளுக்கான வரம்பைச் சிறிய எழுத்தில் வைப்பது காப்புறுதி விளம்பரங்களின் பழைய பழக்கம்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான காரணம் வேறு. 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபட ஆய்வு, சிங்கப்பூரின் மக்கள் அனைவரும், கண்கள் இருளுக்கு முழுமையாகப் பழக முடியாத அளவுக்கு வெளிச்சமான வானத்தின் கீழ் வாழ்கிறார்கள் என்று குறிப்பிட்டது. டெக்கப்போவை உள்ளடக்கிய அவோராக்கி மெக்கன்சி பகுதியோ 2012இல் அனைத்துலக இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்த இரண்டு வானங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கண்டுகொள்ள எந்தக் கருவியும் தேவையில்லை. ஜூன் மாத நள்ளிரவில், விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் இடையிலுள்ள பால்வீதியின் மையப்பகுதி அங்கே ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். சிங்கப்பூரில் தெற்கே தாழ்ந்து தோன்றி மறையும் தெற்குச் சிலுவை, அங்கே இரவு முழுவதும் மறைவதே இல்லை. இங்கே அடிவானத்தை விட்டு அதிகம் எழாமலும் நகர வெளிச்சத்தில் கரைந்தும் போகும் மகெல்லன் மேகங்கள் எனப்படும் இரண்டு சிறு விண்மீன் மண்டலங்களும் அங்கே வெறுங்கண்ணுக்கே தெரியும். இவற்றில் பல, தொலைநோக்கியின் சிறிய பார்வைப் புலத்துக்குள் அடங்காத அளவுக்குப் பரந்தவை. மகன் முதல் இரவு முழுவதையும் கருவியைப் பூட்டிச் சரிசெய்வதிலேயே கழித்தால், அவன் தலைக்கு மேலே இருப்பதைப் பார்க்காமலே போய்விடுவான்.

அதனால் என் பரிந்துரை, நல்ல பைனாகுலர் ஒன்று. 10×50 என்ற அளவு பெரும்பாலோருக்குப் பொருந்தும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: இங்கே 5 மி.மீ. கடற்பயணத்துக்கென விற்கப்படும் 7×50 வகையில் அது 7 மி.மீட்டருக்குச் சற்று மேல். இளைஞரின் கண்பாவை இருளில் அந்த அளவுக்கு விரியக்கூடும். வயது ஏற ஏற அது குறைந்துகொண்டே வரும் என்பதால், உங்கள் மாமனாருக்கு 7×50இன் கூடுதல் ஒளி பெரும்பாலும் வீணாகவே போகும். 10×50 வகை ஏறக்குறைய ஒரு கிலோ எடை கொண்டது, கைப்பையில் போய்விடும். கார்த்திகைக் கூட்டத்தையும், இங்கே தெற்கே பாதி உயரம்கூட எழாத ஒமேகா செண்டாரி என்ற உருண்டை விண்மீன் கொத்தையும் அதில் காணலாம். ஜூன் மாலையில் ஒமேகா செண்டாரி டெக்கப்போவில் உச்சிக்கு அருகிலேயே இருக்கும், கார்த்திகையோ ஜூன் பிற்பகுதியில், விடியலுக்குச் சற்று முன்தான் தெரியும். திரும்பி வந்த பின் வீட்டில் அதைப் பயன்படுத்த முடியும் என்பதும் வாங்குபவருக்கு ஓர் ஆறுதல்.

பெரிய தொலைநோக்கி வழியாகவும் பார்த்தே தீர வேண்டும் என்றால், டெக்கப்போவில் கட்டணம் செலுத்திப் பங்கேற்கும் இரவு வான நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் விண்வெளி ஆய்வகம் அமைந்திருக்கும் மவுண்ட் ஜான் குன்றும் அங்கேயே இருக்கிறது. உங்கள் தொலைநோக்கியைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் செலவையும் குடும்பத்துக்கான நுழைவுக் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பதிவு செய்யும்போது வானிலை காரணமாக ரத்தானால் பணம் திரும்புமா, மாற்று நாள் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயணத் தேதியை இன்னும் மாற்ற முடியுமென்றால் அமாவாசையை ஒட்டி அமையுங்கள். பௌர்ணமி வாரத்தில் பால்வீதியின் பெரும்பகுதி நிலவொளியில் மங்கிவிடும். ஜூனில் அங்கே குளிர்காலம், இரவில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்குவது சாதாரணம். தொலைநோக்கிக்கு ஒதுக்கிய பெட்டி இடத்தைக் கையுறைக்கும் கம்பளிக்கும் கொடுங்கள்.

கேள்வி: அப்படியானால் பயணத்துக்கென்றே சிறியது ஒன்று வாங்கலாமா? கடைக்காரர் ஒருவர் முதுகுப்பையோடு வரும் 70 மி.மீ. தொலைநோக்கியைக் காட்டினார். பெட்டியில் 525 மடங்கு உருப்பெருக்கம் என்று அச்சிட்டிருந்தது. என் மகனோ, கேமராவை வைத்து விண்மீன்களைப் பின்தொடரும் மின்கருவியைக் கேட்கிறான்.

பதில்: 525 என்ற எண்ணைப் பார்த்ததுமே அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடலாம். ஒரு தொலைநோக்கியின் பயனுள்ள உருப்பெருக்கம், நல்ல வானிலையிலும்கூட, அதன் விட்டத்தின் மில்லிமீட்டர் எண்ணைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்குதான். 70 மி.மீட்டருக்கு 140ஐத் தாண்டினால் உருவம் பெரிதாகும், ஆனால் மங்கலும் நடுக்கமும் கூடும், தெளிவு கூடாது. இத்தகைய கருவிகளில் வில்லையைவிட முக்காலிதான் அதிகம் ஏமாற்றுகிறது. கடையிலேயே குழலின் முனையை விரலால் தட்டிப் பாருங்கள். உருவம் சில நொடிகளில் அடங்காவிட்டால், ஏரிக்கரைக் காற்றில் அடங்கவே அடங்காது.

விண்மீனைப் பின்தொடரும் கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் சிங்கப்பூரில் வாங்குவோர் இதில்தான் பெரும்பாலும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அதன் சுழலச்சை வான துருவத்தை, அதாவது விண்மீன்கள் சுற்றிவருவதுபோல் தோன்றும் மையப் புள்ளியை, நோக்கிச் சரியாக நிறுத்தினால்தான் அது வேலை செய்யும். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைக்குள் இருப்பதால், வட துருவம் அடிவானத்தை உரசிக்கொண்டிருக்கிறது, தென் துருவம் அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. ஆகவே அந்தச் சீரமைப்பை வீட்டருகே பழகிப் பார்க்க வழியில்லை. பல தாங்கிகளை அவ்வளவு தாழ்வாகச் சாய்க்கவும் முடியாது. டெக்கப்போவிலோ தென் துருவம் அடிவானத்திலிருந்து 44 பாகை உயரத்தில் இருக்கிறது, ஆனால் வடக்கே இருப்பதுபோல் அடையாளம் காட்ட ஒரு துருவ விண்மீன் அங்கில்லை. அருகிலுள்ள சிக்மா ஆக்டான்டிஸ் வெறுங்கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் மங்கலான விண்மீன். முதல்முறையாக, கடுங்குளிரில், அதைத் தேடுவது உங்கள் மகனுக்கு விடுமுறையாக இருக்காது. அகலக்கோண வில்லை, உறுதியான முக்காலி, ஒரே படத்துக்கு 15 முதல் 20 நொடி ஒளிபதிவு: பால்வீதியைப் படம்பிடிக்க அவ்வளவு போதும். புதிய கைப்பேசிகள் பலவற்றின் இரவுப் படமுறையே முக்காலியில் வைத்தால் வியக்கத்தக்க பலன் தருகிறது.

அதையும் மீறி வாங்குவதானால், சிங்கப்பூரில் ஒரு கடையிலிருந்து, பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே வாங்குங்கள். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள ‘லெமன்’ சட்டத்தின்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கருதப்படும், அப்படியல்ல என்று காட்ட வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப்பொருள், அது முடியாவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணத்தைத் திரும்பப் பெறுதல் என்று கோரலாம். கடை விற்கும் பழைய பொருளுக்கும் இது பொருந்தும், தனிநபர் இணையத்தில் விற்பதற்குப் பொருந்தாது. கிறைஸ்ட்சர்ச்சில் வாங்கிய கருவியில் செங்காங் வந்த பிறகு குறை தெரிந்தால், உங்கள் உரிமைகள் தாளில் இருக்கும், கடை பல மணி நேர விமானப் பயணத்தில் இருக்கும்.

கேள்வி: பவர் பேங்க், முக்காலி, விண்மீன்களைக் காட்ட லேசர் சுட்டி, இவற்றைக் கொண்டுபோவதில் தடை உண்டா? திரும்பும்போது வரி கேட்பார்களா?

பதில்: லேசர் சுட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரு மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கையடக்க லேசர் சுட்டிகளை முன்அனுமதி இல்லாமல் நியூசிலாந்துக்குள் கொண்டுசெல்ல முடியாது; ஆஸ்திரேலியாவிலும் அதே நிலைதான். வானத்தைச் சுட்ட விற்கப்படும் பச்சை லேசர்கள் வழக்கமாக அதைவிடப் பல மடங்கு வலுவானவை, இணையத்தில் வாங்கியவற்றின் அளவுச்சீட்டையும் நம்ப முடியாது. சிவப்பு வெளிச்சம் தரும் சிறு கைவிளக்கு ஒன்று போதும். அது, இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொண்ட கண்களைக் கெடுக்காது.

பவர் பேங்க் கைப்பையில்தான் செல்ல வேண்டும், விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் அல்ல. 100 வாட்-மணி கொள்ளளவு வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 20,000 மில்லி-ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 74 வாட்-மணி வரும். 100க்கும் 160க்கும் இடைப்பட்டதற்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் கூடாது. விமானத்துக்குள் அதைக் கொண்டு மின்னேற்றம் செய்வதை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் தடை செய்திருக்கிறது.

முக்காலியின் கால்களில் மண் ஒட்டியிருந்தால் நன்றாகக் கழுவி, வெளியிடங்களில் பயன்படுத்திய பொருள் என்று பயணி அறிவிப்புப் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். நியூசிலாந்தின் உயிரியல் பாதுகாப்பு அதிகாரிகள், அறிவிக்காத ஆபத்தான பொருளுக்கு அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்க அதிகாரம் பெற்றவர்கள்.

வரியைப் பொறுத்தவரை, இங்கிருந்து கொண்டுபோன கேமராவையும் பைனாகுலரையும் இங்கே வாங்கியதற்கான ரசீதின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருங்கள். அங்கே புதிதாக வாங்குபவற்றுக்கு, நீங்கள் 48 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்திருந்தால், ஒருவருக்கு 500 வெள்ளி வரை பொருள் சேவை வரிச் சலுகை உண்டு. அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 9 விழுக்காடு கட்ட வேண்டும். நியூசிலாந்துக் கடை விலையில் ஏற்கெனவே 15 விழுக்காடு வரி அடங்கியிருக்கிறது, ஆஸ்திரேலியாவில் உள்ளதுபோல் சுற்றுப்பயணிகளுக்கு அதைத் திருப்பித் தரும் திட்டம் அங்கில்லை. எனவே விலை மலிவு என்று நினைத்து அங்கே அந்தச் சலுகையைத் தாண்டும் விலையில் தொலைநோக்கி வாங்குபவர், இரண்டு நாடுகளுக்கும் வரி கட்டி முடிப்பார்.