கை இழுக்கிறதா? கழுத்தையும் பாருங்கள்

கழுத்தில் பெரிதாக வலி இல்லை. ஆனால் தோளிலிருந்து நடுவிரல் வரை சுரீரென்று இழுக்கிறது, விரலும் மரத்துப்போகிறது. இதைக் கழுத்துப் பிரச்சினை என்கிறார்களே?

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கழுத்தில் 7 எலும்புகள். அங்கிருந்து பக்கத்துக்கு 8 நரம்பு வேர்கள் கிளம்புகின்றன. அவற்றில் கீழே இருப்பவை கைக்குப் போகின்றன. நசுங்குவது கழுத்தில் என்றாலும், அந்த நரம்பு போய்ச் சேரும் இடத்தில்தான் வலி தெரியும். எந்த விரல் என்பதே நல்ல துப்பு: கட்டைவிரல் பக்கம் என்றால் பெரும்பாலும் 6-வது வேர், நடுவிரல் என்றால் 7, சுண்டுவிரல் என்றால் 8. அதிகம் மாட்டிக்கொள்வது உங்களுடைய 7-தான்.

கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் இழுப்பு குறைகிறதா? அப்படியானால் கழுத்தின் மேல் சந்தேகம் இன்னும் வலுக்கும். இரவில் மரத்துப்போய் விழித்து, கையை உதறினால் தேவலை என்றால் மணிக்கட்டில் நரம்பு இறுகியிருக்கலாம். இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் கழுத்தை மறந்துவிட்டு அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

வயது 36. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், கழுத்து எலும்புகளுக்கு இடையே இருக்கும் ஜவ்வு இரண்டு இடத்தில் பிதுங்கியிருக்கிறதாம். ஆபரேஷன்தான் வழியா?

ஸ்கேன் அறிக்கையைப் படித்துப் பயந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்குப் பிதுக்கம் தெரியும். படத்தில் இருப்பதும் உங்கள் கையில் இருப்பதும் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

பொருந்தினாலும் அவசரம் இல்லை. பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களில் அடங்கிவிடுகிறது. பிதுங்கிய ஜவ்வு தானாகவே சுருங்குவதும் உண்டு. அதுவரை டாக்டர் தரும் வலி மாத்திரை, பிசியோதெரபி, வலி கூடாத அளவுக்கு நடமாட்டம் போதும். வலி மாத்திரையைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். இத்தனைக்கும் அசையாத வலி என்றால் ஊசி, அப்புறம்தான் ஆபரேஷன் பேச்சு.

காலர் எத்தனை நாள் போடலாம்?

வலி உச்சத்தில் இருக்கும்போது ஓரிரு வாரம். அதற்கு மேல் போட்டால் கழுத்துத் தசை சோம்பேறியாகிவிடும்.

கழுத்தைத் திருப்பி நெட்டி முறித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார்.

வேண்டவே வேண்டாம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கழுத்து எலும்பை ஒட்டியே ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், ஆனாலும் நசுங்கிய நரம்பு இருக்கிற கழுத்தில் இந்த விளையாட்டு எதற்கு?

அப்பாவுக்கு வயது 64. கழுத்து வலி குறைந்துவிட்டது. ஆனால் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறார், நடையும் தள்ளாடுகிறது. வயதுதான் காரணமோ?

வந்த கடிதங்களில் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான். வலி குறைந்ததை வைத்து நிம்மதி அடையாதீர்கள். விரல் நுணுக்கம் போவதும் நடை தள்ளாடுவதும், பக்க நரம்பு மட்டுமல்ல, தண்டுவடமே அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். இதற்கு 12 வாரக் கணக்கெல்லாம் பொருந்தாது. தண்டுவடம்தான் என்று உறுதியானால் பலருக்கு ஆபரேஷன் தேவைப்படும். இழந்த பலம் முழுதும் திரும்பும் என்று சொல்ல முடியாது, மேலும் மோசமாகாமல் தடுப்பதே முதல் நோக்கம். இந்த வாரமே நரம்பியல் அல்லது முதுகெலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ கை கால் பலம் வேகமாகக் குறைந்தாலோ அன்றைக்கே கூட்டிப் போங்கள்.