காலேஜ்ல பெண் பேராசிரியர்களுக்கு ப்ரொமோஷன் லேட்டாகுறது பாகுபாடா, இல்ல அவங்க ரிசர்ச் பண்ணாததாலயா?

'ரிசர்ச் பண்ணாததாலயா'ன்னு பாத்ததும் எழுதாம இருக்க முடியல. கேக்குறது புதுசா வேலைக்குச் சேர்ந்த பொண்ணாதான் இருக்கும்னு நெனச்சு எழுதறேன்.

நான் எய்டட் காலேஜ்ல, அதாவது அரசு உதவி பெறும் காலேஜ்ல, அசிஸ்டென்ட் ப்ரொஃபசர். பிஎச்டியோடதான் சேர்ந்தேன், அதனால யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கணக்குப்படி 4 வருஷத்துல சம்பள லெவல் 10-ல இருந்து அடுத்த படியான 11-க்குப் போகலாம். நடுவுல குழந்தை பொறந்துச்சு. ப்ரொமோஷனுக்குத் தேவையான 21 நாள் ஓரியன்டேஷன் பயிற்சிக்கு வெளியூர் போகணும்னப்போ கைக்குழந்தையோட எங்கம்மாவையும் கூட்டிட்டுப் போய் ரூம் எடுத்துத் தங்கி முடிச்சேன். ரிசர்ச் பேப்பரும் போட்டிருந்தேன். இவ்ளோ பண்ணி சிஏஎஸ் ஃபைல், அதாவது ப்ரொமோஷனுக்கான ஃபைல் குடுத்தா, 'லீவ்ல இருந்த வருஷம் நீங்க எடுத்த கிளாஸ் பர்சன்டேஜ் 70-க்குக் கீழ இருக்கே மேடம்'னு திருப்பிக் குடுத்துட்டாங்க.

ஆனா 2018 யுஜிசி ரெகுலேஷன்ல இந்த பர்சன்டேஜ் இருக்கிற டேபிளுக்குக் கீழயே போட்டிருக்கு, மகப்பேறு லீவ், குழந்தை பராமரிப்பு லீவ் நாளையெல்லாம் கழிச்சுட்டு மீதி நாள்ல எப்படி வேலை பாத்தாங்களோ அதையே முழு காலத்துக்கும் கணக்கு வெக்கணும், லீவ் எடுத்ததால ப்ரொமோஷன் பாதிக்கக் கூடாதுன்னு. பிரிண்ட் எடுத்துட்டுப் போய் காட்டினேன். அதைப் படிச்சுக்கூடப் பாக்காம ஒருத்தர், 'ரெண்டாவதுக்கும் லீவ் போடுவீங்கல்ல, அதையும் முடிச்சுட்டு மொத்தமா அப்ளை பண்ணுங்களேன்மா'ன்னார். எனக்கு எட்டு மாசம் கழிச்சு வேலைக்குச் சேர்ந்த சாருக்கு ப்ரொமோஷன் முதல்ல வந்துச்சு.

இதைச் சொன்னா ஆம்பளைங்களைத் திட்டறேன்னு வருவாங்க. இல்லைங்க, என் ஃபைலை ரெண்டு நாள் உக்காந்து சரி பண்ணிக் குடுத்ததே எங்க சீனியர் சார் ஒருத்தர்தான். நான் சொல்றது வேலையைப் பிரிக்கிற விதத்தை. கோஆர்டினேட்டர், எக்ஸாம் டியூட்டின்னா ஆம்பளைங்களுக்கு ஆர்டர் காப்பியோட வரும், கோலம், வரவேற்பு, கெஸ்ட்டுக்கு சாப்பாடுன்னா 'மேடம் நீங்க பாத்துக்கோங்க'ன்னு வாய்ல சொல்லுவாங்க. ப்ரொமோஷன் ஃபைல்ல ஆதாரமா வெக்க ஆர்டர் காப்பி வேணுமே, எங்க போறது?

இன்னொண்ணு, காசு கட்டினா ஒரே வாரத்துல பேப்பர் போடற ஜர்னல்காரங்க. நான் ரிவ்யூக்கு மாசக்கணக்கா காத்திருந்து ஒண்ணு போட்டேன், காசு குடுத்து நாலு போட்டவங்களுக்கும் அதே மதிப்பு. இதுக்கும் உங்க கேள்விக்கும் சம்பந்தமில்லதான், ஆனா வயிறு எரியுது.

நீங்க லீவ் போடறதா இருந்தா முன்கூட்டியே சாங்ஷன் ஆர்டர் வாங்கிடுங்க, முன் அனுமதி இருந்தாதான் அந்த லீவ் நாளைக் கழிக்கிற ரூல் செல்லும். எனக்கு ஒன்றரை வருஷம் கழிச்சு லெவல் 11 வந்துச்சு. தேதியை நான் தகுதியான நாளுக்கு மாத்தச் சொல்லிக் குடுத்த மனு இன்னும் ஆபீஸ்லயே கெடக்கு.