மார்ஜரி மென்சா என்பவர் யார்? காலனிய ஆப்பிரிக்க நாளிதழ்களில் பெண்கள்: கேள்வி பதில்

அக்ராவில் 1930களில் மார்ஜரி மென்சா எழுதிய மகளிர் பத்திகளை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். அவருடைய வாழ்க்கைக் குறிப்பு எங்குமே அகப்படவில்லையே? (ஆய்வு மாணவி, மதுரை)

அகப்படாது. அப்படி ஒருவர் இல்லை. வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ஜே. பி. டான்குவா 1931-ல் தொடங்கிய 'வெஸ்ட் ஆப்ரிக்கா டைம்ஸ்' தன் மகளிர் பத்திக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. அந்தப் பெயரில் எழுதியவர்களில் முதன்மையானவர் மேபல் டவ், பின்னாளில் டான்குவாவின் மனைவி. ஆனால் கென்னத் மக்னீல் ஸ்டீவர்ட் என்ற ஆண் பத்திரிகையாளர், 'அதை எழுதியது நான்தான்' என்று 1934-ல் டான்குவா மீது வழக்கே போட்டார். ஆகவே ஒவ்வொரு பத்தியையும் மேபல் டவ்வின் கணக்கில் வரவு வைத்துவிடாதீர்கள். 'மார்ஜரி மென்சா பத்தி' என்று தேதியோடு குறிப்பிடுங்கள். ஆசிரியர் யார் என்பதற்கு வேறு சான்று இருந்தால் மட்டும் பெயர் சொல்லுங்கள்.

மேபல் டவ் அந்தப் பெயரோடு நிற்கவும் இல்லை. 'ஆப்ரிக்கன் மார்னிங் போஸ்ட்'டில் டாமா டூமா, லாகோஸின் 'நைஜீரியன் டெய்லி டைம்ஸ்'ஸில் எபுன் அலகிஜா, 1950களில் 'அக்ரா ஈவ்னிங் நியூஸ்'ஸில் அகோசுவா ஜட்சுய். ஊருக்கு ஏற்ற பெயர்: அலகிஜா லாகோஸில் (நைஜீரியா) வாழும் யொரூபா மக்களின் குடும்பப் பெயர், அகோசுவா ஞாயிற்றுக்கிழமை பிறந்த பெண்ணுக்கு கானாவின் அக்கான் மக்கள் இடும் பெயர். 1954-ல் கோல்ட் கோஸ்ட் (இன்றைய கானா) சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் இவரே.

எதற்கு இவ்வளவு ஒளிவுமறைவு? பெண் என்பதால் பயமா? (சேலம்)

பயம் பெண்களுக்கு மட்டும் இல்லை. 1936-ல் 'ஆப்ரிக்கன் மார்னிங் போஸ்ட்'டில் வந்த ஒரே கட்டுரைக்காக ஆசிரியர் அசிகிவேயும் எழுதிய வாலஸ்-ஜான்சனும் அரசநிந்தனை வழக்கில் மாட்டினார்கள். மேற்கு ஆப்பிரிக்க இதழ்களில் ஆண்களும் புனைபெயரில்தான் பெரும்பாலும் எழுதினார்கள். பெண்களுக்குக் கூடுதலாக ஒன்று: ஊரில் படித்த பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவு, பெயரில்லாமல் எழுதினாலும் யாரென்று தெரிந்துவிடும். ஒரே பெயருக்குள் பலர் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

பெண் பெயரில் ஆண் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையே தள்ளிவிடலாம் அல்லவா? (கோவை)

தள்ளாதீர்கள். வேறு கேள்விக்குப் பயன்படுத்துங்கள். ஜோகன்னஸ்பர்க்கின் 'பாண்டு வேர்ல்ட்' 1932-ல் தொடங்கியது. அதன் மகளிர் பக்கத்தை நடத்தியவர் ஆர். ஆர். ஆர். த்லோமோ என்ற ஆண் எழுத்தாளர். உதட்டுச்சாயமும் முகப்பவுடரும் பூசும் 'நவீனப் பெண்' இனத்துக்குப் பெருமையா, அவமானமா என்று அங்கே சண்டை. வாசகிகளின் படங்களை வாங்கிப் போட்டு அழகுப்போட்டியும் நடந்தது. ஆக, ஆசிரியர் குறிப்பில் தெரிவது ஆண்களின் கவலை. கீழே வரும் கடிதங்களில்தான் பதிலடி. இரண்டையும் தனித்தனிப் பத்தியாகக் குறித்துக்கொண்டு படியுங்கள். குழப்பினால் ஆண் சொன்னதைப் 'பெண்களின் கருத்து' என்று எழுதிவைப்பீர்கள். பலரும் வழுக்குவது இங்கேதான்.

எழுதப் படிக்கத் தெரியாத சந்தைப் பெண்கள் இந்த இதழ்களில் எங்கே வருகிறார்கள்? (திருநெல்வேலி)

மகளிர் பக்கத்தில் தேடினால் வரமாட்டார்கள். அங்கே தேநீர் விருந்தும் தொப்பியும்தான் இருக்கும். செய்திப் பக்கத்தில் வரி, விலை, சந்தை இடமாற்றம் என்று தேடுங்கள்.

லாகோஸின் அலிமோடு பெலெவுரா நல்ல எடுத்துக்காட்டு. எரெகோ சந்தையில் மீன் விற்றவர், எழுத்தறியாதவர், லாகோஸ் சந்தைப் பெண்கள் சங்கத்தின் தலைவி. ஆண்டுக்கு 50 பவுனுக்கு மேல் சம்பாதிக்கும் பெண்களுக்கு வருமான வரி என்று 1940-ல் அரசு சொன்னதும் சந்தைகளை அடைத்து ஊர்வலம் போனார்கள். வரம்பு 200 பவுனுக்கு ஏறியது. சந்தைக்காரிகளில் அநேகமாக யாரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். போர்க்காலத்தில் கேப்டன் புல்லன் மரவள்ளிக் குருணைக்கு விலைக்கட்டுப்பாடு கொண்டுவந்தபோதும் எதிர்த்து நின்றது இதே சங்கம்.

இவர்களுடைய மனுக்களில் கையெழுத்து இருக்காது, பெருவிரல் ரேகை இருக்கும். வாசகம் எழுத்தரின் ஆங்கிலம். பெலெவுரா யொரூபாவில் பேசியது நிருபரின் மொழிபெயர்ப்பாக வரும். எனவே சொல்லழகை வைத்து அவர் குணத்தை அளக்காதீர்கள். கோரிக்கை, தொகை, தேதி, யாரிடம் கொடுத்தார்கள் என்ற நான்கும் நம்பத்தக்கவை. அவற்றையும் இரண்டு இதழ்களில் ஒப்பிடுங்கள், லாகோஸில் ஒவ்வொரு இதழுக்கும் ஓர் அரசியல் கோஷ்டி இருந்தது.

தலைப்புச் சொல்லும் ஏமாற்றும். 1929-ல் தென்கிழக்கு நைஜீரியாவில் வரிப் பயத்தால் எழுந்த கிளர்ச்சியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரசுத் தரப்பு எழுதியது 'அபா கலவரம்'. இக்போ மக்கள் சொல்வது 'பெண்களின் போர்'. ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

அப்போது பெண்களுக்கு ஓட்டு இருந்ததா?

நைஜீரியாவில் 1922 அரசியலமைப்பு லாகோஸிலும் கலபாரிலும் மட்டும் ஓட்டுரிமை தந்தது, அதுவும் ஆண்டு வருமானம் 100 பவுன் உள்ள ஆண்களுக்கு. பெலெவுராவின் ஆட்கள் வரி என்றதும் கொதித்தது இதனாலும்தான். 1944-ல் ஓயின்கான் அபயோமி நைஜீரியப் பெண்கள் கட்சியைத் தொடங்கியபோது ஓட்டுரிமை முக்கியக் கோரிக்கை.

டிஜிட்டல் தொகுப்பில் பெயரைத் தட்டினால் 'முடிவு இல்லை' என்கிறது. என்ன செய்வது? (சென்னை)

மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது, பெயர் மாற்றம். அபயோமியையே எடுங்கள்: திருமணத்துக்கு முன் 'மிஸ் அஜாசா' (தந்தை கிடோயி அஜாசா 'நைஜீரியன் பயனியர்' இதழ் நடத்தியவர்), பிறகு 'மிஸஸ் அபயோமி', 1951-க்குப் பின் 'லேடி அபயோமி'. 1923-ல் கொல்லப்பட்ட முதல் கணவர், 1930-ல் மணந்த இரண்டாம் கணவர் இருவருக்கும் குடும்பப் பெயர் அபயோமிதான், தேதி பார்க்காவிட்டால் ஆள் மாறும். எனவே முதலில் தாளில் ஒரு பெயர்ப் பட்டியல் போடுங்கள்: பிறந்த பெயர், கணவர் பெயர், பட்டம், புனைபெயர், எந்த ஆண்டு முதல்.

இரண்டாவது, மங்கிய அச்சு. மைக்ரோஃபிலிமிலிருந்து எழுத்தை உணரும் மென்பொருள் யொரூபாவின் கீழ்ப்புள்ளி எழுத்துகளைத் தவறாகப் படிக்கும். பெயரைப் பாதியாக வெட்டித் தேடுங்கள். பெயரே இல்லாமல் 'சந்தை', 'மனு', 'வரி' என்பவற்றின் ஆங்கிலச் சொற்களால் தேடுங்கள். மூன்றாவது, அந்த இதழே தொகுப்பில் இல்லாமல் போவது. முதலில் எந்தெந்தத் தேதிகள் இருக்கின்றன என்ற பட்டியலைப் பாருங்கள். இல்லாத இதழை வைத்து 'பத்திரிகைகள் மௌனம் காத்தன' என்று எழுதக் கூடாது. சம்பவத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாரங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதற்கு மாற்றே இல்லை.

ஆங்கிலம் தெரியாத பெண்களின் சொந்தக் குரல் அச்சில் எங்காவது உண்டா? (யாழ்ப்பாணம்)

உண்டு. 1920களில் தென்னாப்பிரிக்காவின் 'உம்தெதேலி வா பாண்டு' இதழில் நொன்ட்சிசி ம்கெத்தோ என்ற பெண் கோசா மொழியில் கவிதை எழுதிக் குவித்தார். அரசவையில் எழுந்து நின்று தலைவனைப் புகழ்ந்தும் இடித்தும் பாடும் 'இம்போங்கி' பொறுப்பு அன்று ஆண்களுக்கே உரியதாக இருந்தது. அந்த வடிவத்தையே எடுத்து அவர் அச்சில் பாடினார், தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவரின் காங்கிரஸ் தலைவர்களையும் விடவில்லை. ஒரு சிக்கல் உண்டு: அந்த இதழுக்குப் பணம் போட்டது சுரங்க முதலாளிகளின் சபை. யார் காசில் அச்சாயிற்று என்பதையும் அவர் யாரைத் திட்டினார் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.